மனசு சரியில்லாதபோது இயற்கை என்ன தரும்?

கடையம் பஜாரில் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் கால் மணி நேரத்தில் மருந்துப் பேச்சு வந்துவிடும். மூட்டுவலிக்கு ஒருவர் பிரண்டைத் துவையல் சொல்வார். சர்க்கரைக்கு இன்னொருவர் ஆவாரம்பூ சொல்வார். ஒரு கேள்வியை மட்டும் யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார்கள். “அண்ணாச்சி, கொஞ்ச நாளா மனசே சரியில்ல. நெஞ்சு படபடன்னு அடிக்கு. ராத்திரி உறக்கம் பிடிக்க மாட்டேங்கு. இங்கிலீஷ் மருந்துன்னா பயமா இருக்கு. நாட்டு மருந்து ஏதாவது உண்டுமா?”

உண்டு. ஆனால் ஒரு மூலிகைப் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து போகிற விஷயம் இல்லை இது. உட்காருங்கள், நிதானமாகப் பேசுவோம். எனக்கு ஒரு டீ. உங்களுக்குப் படபடப்பு இருப்பதால் சுக்குமல்லிக் காப்பி. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

இயற்கை வைத்தியம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, நாமே செய்வது: மூச்சு, நடை, உறக்கம், குளியல், நாலு பேரோடு பேச்சு. மற்றொன்று, வாங்கி விழுங்குவது: வல்லாரை, அமுக்கரா, ஜாதிக்காய். ஊரில் எல்லோரும் கேட்பது இரண்டாவதை. ஆராய்ச்சிகளில் வலுவாக நிற்பதோ முதலாவது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் படபடப்பு. அதற்கு ஊர் தரும் முதல் மருந்து “தைரியமா இரு” என்ற ஒரு சொல். கடலூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்த பாரதி 1918 முடிவில் மனைவி செல்லம்மாவின் ஊரான இந்தக் கடையத்துக்குத்தான் வந்தார். 1920 வரை இங்கே இருந்தார். கையில் காசில்லாத காலம் அது. அச்சத்தை அவ்வளவு எதிர்த்துப் பாடியவரின் ஊர்க்காரர்கள் என்பதாலோ என்னவோ, பயப்படுகிறவரைக் கோழை என்று நினைத்துவிடுகிறோம். படபடப்பு நோய்க்கும் கோழைத்தனத்துக்கும் சம்பந்தமே இல்லை. பாம்பைக் கண்டால் உடம்பு என்ன செய்யுமோ, அதையே கயிற்றைக் கண்டும் செய்கிறது. அவ்வளவுதான் நோய். சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது, மூச்சு மேலோட்டமாக வேகமாக ஓடுகிறது.

இந்த வேக மூச்சைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மூச்சை வேகவேகமாக இழுத்துவிட்டால் இரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும், நெஞ்சை யாரோ பிடித்து அழுத்துவது போலிருக்கும். “ஹார்ட் அட்டாக்தான்” என்று பயம் ஏறும்; பயம் ஏறினால் மூச்சு இன்னும் வேகமாகும். நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, இசிஜி எடுத்து, “எல்லாம் நார்மல்” என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். இந்த அலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கும். முதல் தடவை நெஞ்சுவலி வந்தால் இசிஜி எடுத்தே ஆக வேண்டும், அதில் சமரசம் கிடையாது. இதயத்தில் குறையில்லை என்று டாக்டர் உறுதிசெய்த பிறகும் அது திரும்பத் திரும்ப வந்தால், மருந்து மூச்சிலிருந்து தொடங்குகிறது.

இப்படிச் செய்யுங்கள். முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். மூக்கு வழியாக, மனசுக்குள் நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். வயிற்றின் மேலிருக்கும் கை மேலே வர வேண்டும். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வெளியே விடும் மூச்சு நீளும்போது வேகஸ் என்ற நரம்பு வேலை செய்து இதயத்தின் ஓட்டத்தைத் தணிக்கிறது. காலையில் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம். படபடப்பு வந்த பிறகுதான் செய்வேன் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அமைதியாக இருக்கும் நாளில் பழகியது மட்டுமே அவசரத்தில் கைகொடுக்கும்.

நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்கில் ஓர் அழகான செய்தி இருக்கிறது. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரின் குழு 23 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2001-இல் வெளியிட்டது. லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லச் செய்தார்கள். பௌத்த மந்திரம் ஒன்றைச் சொல்லச் செய்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறுக்கு இறங்கியது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தோடு ஒத்து நடந்தன. நித்திய கல்யாணி அம்மன் சந்நிதியில் நின்று பாடுகிறவர், பொட்டல்புதூரில் திக்ரு ஓதுகிறவர், மாதா கோயிலில் ஜெபமாலை உருட்டுகிறவர் எல்லோரும் நிதானமாகச் சொன்னால் உடம்புக்கு இந்தத் தணிவு கிடைக்க வழியிருக்கிறது. அவசரமாக ஒப்பித்தால் கிடைக்காது.

இப்போது உங்கள் கையிலிருக்கும் சுக்குமல்லிக் காப்பிக்கு வருவோம். ஒரு தம்ளர் டீயில் ஏறக்குறைய 30 முதல் 50 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். நல்ல டிகாக்‌ஷன் காப்பியில் அதைவிடக் கூடுதல். உள்ளே போன காஃபீனில் பாதி உடம்பை விட்டு நீங்க ஐந்து மணி நேரம் போல ஆகும். சாயங்காலம் நாலு மணிக்குக் குடித்த டீயின் பாதி, ஒன்பது மணிக்குப் பாயில் படுக்கும்போதும் உள்ளே இருக்கிறது. படபடப்பு நோய் உள்ளவர்களுக்கு காஃபீன் அந்தப் படபடப்பையே கூட்டும். கடையில் வேலை செய்கிறவர், லாரி ஓட்டுகிறவர், ராத்திரிப் பாரா பார்க்கிறவர் ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ குடிப்பது நம் பக்கத்தில் சாதாரணம். அவர்கள் நாட்டு மருந்துக் கடைக்குப் போகுமுன் மத்தியானத்துக்குப் பிந்தைய டீயை நிறுத்திப் பார்க்கட்டும். ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலைவலிக்கும். வாரத்துக்கு ஒன்று இரண்டாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது சோர்வு. அதன் பேச்சு வேறு மாதிரி இருக்கும். “எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்கு”, “ஒரே வெறுமையா இருக்கு”, “எந்திரிக்கவே தோணல.” படபடப்பு ஓடச் சொல்லும்; சோர்வு படுக்கச் சொல்லும். படுத்தால் அன்று கிடைக்க வேண்டிய சின்னச் சின்ன சந்தோஷங்களும் போய்விடும். போனதும் மனசு இன்னும் கீழே இறங்கும். “மனசு வந்தா செய்வோம்” என்று காத்திருப்பதுதான் இந்த நோயின் பிடி. செய்தால்தான் மனசு பின்னால் வரும்.

இது வெறும் அறிவுரை என்று தோன்றலாம். கோவாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். விக்ரம் பட்டேல் குழுவினர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதியினரோடு, அந்தக் கவனிப்புக்கு மேலாக, மனநல மருத்துவர் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆட்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசினார்கள். பேச்சின் சாரம் இதுதான்: முன்பு உங்களுக்குப் பிடித்ததாக இருந்த, இப்போது விட்டுப்போன காரியங்களில் ஒன்றை இந்த வாரம் செய்யுங்கள், செய்த பிறகு எப்படி இருந்தது என்று குறித்து வையுங்கள். மூன்று மாதத்தில் இந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேருக்குச் சோர்வு விலகியிருந்தது. மற்றவர்களில் 39 சதவீதம் பேருக்கு. 2017-இல் லான்செட் இதழில் வந்த முடிவு இது. புதுச் சாதனமோ விலையுயர்ந்த மருந்தோ இதில் சேர்க்கப்படவில்லை.

செய்ய வேண்டிய காரியங்களில் முதலிடம் நடைக்கு. 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், மனச்சோர்வும் உடற்பயிற்சியும் பற்றிய 218 ஆய்வுகளை, 14,170 பேரின் தகவல்களை ஒன்றுசேர்த்து அலசிய கட்டுரையை வெளியிட்டது. நடை அல்லது மெதுவோட்டம், யோகாசனம், தசைகளுக்கு வலுவேற்றும் பயிற்சி ஆகியவை நல்ல பலன் தந்தன. வேகம் கூடக் கூடப் பலனும் கூடியது. இதைப் படிக்கும்போது எனக்கு நினைவு வந்தது கடையம், ஆழ்வார்குறிச்சி, முக்கூடல் பக்கத்துத் திண்ணைகளில் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், எண்ணிக்கைக் கூலிக்குச் சுற்றும் அக்காமார். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, அடுத்த இலை. பொழுது சாயும்போது இடுப்பு வலி இருக்கும். ஆனால் உடம்பு நடந்திருக்காது, வெயில் பட்டிருக்காது. அவர்களுக்கு “ஜிம்முக்குப் போங்க” என்று சொல்வது அநியாயம். காலையில் வேலை தொடங்குமுன் இருபது நிமிடம், சாயங்காலம் இருபது நிமிடம், இன்னொரு அக்காவைக் கூட்டிக்கொண்டு ராமநதி ரோட்டில் வேகமாக ஒரு நடை. மேற்கே மலை தெரியும், காற்று வரும், துணைக்கு ஆள் இருக்கும். ஒரே காரியத்தில் மூன்று மருந்து.

அப்படியானால் குற்றாலம்? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் பருவத்தில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலையைக் கொடுத்துவிட்டு வருகிறவர் முகத்தில் தெரியும் தெளிவை யாரும் மறுக்க முடியாது. குளிர்ந்த தண்ணீர் சட்டென்று விழும்போது மூச்சு திணறும், இதயம் துள்ளும். சற்று நேரத்தில் உடம்பு அதற்குப் பழகி அடங்கும். முகத்தில் குளிர்நீர் படும்போது இதயம் நிதானமாகும் ஓர் அனிச்சைச் செயலும் நமக்கு உண்டு. அதனால்தான் படபடப்பு வரும் நேரத்தில் முகத்தில் குளிர்ந்த நீரை அடிப்பது சிலருக்கு உதவுகிறது. இதற்கு மேல், அருவி மனநோயைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. போவதற்கு முன் உடம்பில் தேய்க்கும் எண்ணெய், கூட வரும் குடும்பம், வேலையில்லாத ஒரு நாள், திரும்பி வந்ததும் வரும் அடித்துப்போட்ட உறக்கம் எல்லாம் சேர்ந்துதான் குற்றாலக் குளியல். அதை அனுபவியுங்கள். இதயநோயும் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

“பித்தம் தலைக்கேறிடுச்சு, அருவித் தண்ணி விழுந்தா இறங்கும்” என்று மனநோய் முற்றியவர்களை மொட்டையடித்துக் கொண்டுவந்து நிறுத்தும் பழக்கம் பழையது. தர்காவிலும் கோயிலிலும் கொண்டுபோய்த் தங்கவைப்பதும் அப்படித்தான். பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் தர்காவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாக வந்துபோகிறார்கள். கும்பிட்டுவிட்டு வரும்போது மனசு லேசாவது நிஜம். நம்பிக்கை தரும் ஆறுதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறுதலை மட்டும் வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தள்ளிவைத்தால் என்ன நடக்கும் என்பதை ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி நமக்குக் காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில், தர்காவை ஒட்டி நடந்த ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடைசெய்திருக்கிறது. அதே ஏர்வாடியில் பிற்பாடு தர்கா வளாகத்திலேயே பிரார்த்தனையோடு மருந்தும் தரும் ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. எதையும் விடச் சொல்லாமல் இரண்டையும் சேர்த்த அந்த வழி சரியான வழி.

இனி, விழுங்குகிற வகை. நாம் உட்கார்ந்திருப்பது பொதிகை மலையடிவாரம். அகத்தியர் பெயர் சொல்லாமல் மருந்து பேச முடியாது. அவர் பெயரில் வழங்கும் கிரிகை நூல் மனநோய்களைப் பதினெட்டாகப் பிரித்துப் பேசுகிறது. மனசுக்கும் நோய் வரும், அதற்கும் மருத்துவம் உண்டு என்று நம் மரபு எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டது என்பதற்கு இது சாட்சி. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவும் இருக்கிறது. நாட்டு மருந்து வேண்டும் என்றால் முதலில் போக வேண்டிய இடம் அது. படித்த மருத்துவர் நாடி பார்த்து, நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் கேட்டுத் தருவது வேறு. வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துப் பொட்டலம் கட்டி வாங்குவது வேறு.

வல்லாரையைத் துவையலாகவும் தோசையில் அரைத்தும் வாரம் ஒருமுறை இருமுறை சாப்பிடுவதில் தொந்தரவு இல்லை, நல்ல கீரை. படபடப்பைக் குறைக்கிறது என்பதற்குச் சிறிய ஆய்வுகள் மட்டுமே உள்ளன. அதையே மாத்திரையாக வாரக்கணக்கில் விழுங்கிய பெண்கள் மூவருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக 2005-இல் அர்ஜென்டினா மருத்துவர்கள் எழுதினார்கள். கீரையாக இருக்கும்வரை அது உணவு. சத்தாக இறக்கிக் குப்பியில் அடைத்துவிட்டால் மருந்து.

அமுக்கராவுக்கு ஆதாரம் கொஞ்சம் கூடுதல். வடக்கே அஸ்வகந்தா என்பார்கள். ஹைதராபாத்தில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், மன அழுத்தம் இருந்த 64 பேரில் ஒரு பாதியினருக்கு அமுக்கராக் கிழங்கின் சத்து 300 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, 60 நாள் கொடுத்தார்கள். மறுபாதிக்கு வெறும் மாத்திரை. அமுக்கரா சாப்பிட்டவர்களின் அழுத்தம் தெளிவாகக் குறைந்தது. பிற்பாடு வந்த பல சிறிய ஆய்வுகளும் இதே பக்கம் சாய்கின்றன. ஆனால் கர்ப்பிணிகள் அதைத் தொடக்கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அளவு தடுமாறலாம். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். அரிதாக ஈரலையும் பாதித்திருக்கிறது. டென்மார்க் 2023-இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. எனவே, மருத்துவரிடம் கேட்டு, அளவு தெரிந்து, இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் தானாகத் தொடராமல் சாப்பிட வேண்டிய பொருள் அது.

ஜாதிக்காய் நம்மூர்ச் சரக்கு. குற்றாலத்தில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டபோது வந்து சேர்ந்த மரங்களில் அதுவும் ஒன்று. உறக்கத்துக்குப் பாலில் ஒரு சிட்டிகை உரசிக் குடிப்பது பழக்கம். அந்த அளவில் பயமில்லை. “உறக்கம் வரலியே” என்று இரண்டு கரண்டி போட்டால் கதை மாறும். அதிலிருக்கும் மிரிஸ்டிசின் போன்ற பொருட்கள் பல மணி நேரம் நெஞ்சை அடிக்கவைக்கும், வாயை உலர்த்தும், இல்லாததைத் தோன்றவைக்கும். படபடப்புக்கு எடுத்த மருந்தே படபடப்பைக் கொண்டுவரும்.

இதைவிடப் பெரிய பாடம் ஒரு வேரில் இருக்கிறது. சர்ப்பகந்தா என்ற சிறு செடி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளரும். அதன் வேரை வடநாட்டில் பித்துப் பிடித்தவர்களுக்கும் உறக்கமில்லாதவர்களுக்கும் காலங்காலமாகக் கொடுத்துவந்தார்கள். 1931-இல் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள், அது மனநோயைத் தணிக்கிறது, இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை இரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்டதை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன விஞ்ஞானிகள் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1954-இல் நியூயார்க்கின் நேதன் கிளைன், கடும் மனநோயாளிகள் அதனால் அமைதியடைந்ததாக அறிவித்தார். நம் நாட்டு வேர், நவீன மனநல மருந்துகளின் வாசலில் போய் நின்றது.

அதன் பிறகுதான் மறுபக்கம் தெரிந்தது. இரத்த அழுத்தத்துக்கு ரெசர்பின் சாப்பிட்டவர்களில் சிலர் காரணமில்லாமல் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் போனதாக ஐம்பதுகளில் மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். மூளை நரம்புகளில் சேர்ந்திருக்கும் செரோட்டோனின், நார் அட்ரினலின் போன்றவற்றை ரெசர்பின் காலிசெய்கிறது என்று ஆய்வகத்தில் தெரிந்தது. மனச்சோர்வுக்கும் மூளை இரசாயனங்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றதற்கு இந்த வேர் ஒரு முக்கியக் காரணம். ரெசர்பினால்தான் அந்தச் சோர்வு வந்ததா என்று பிற்கால ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள், விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் செடியிலிருந்து வந்தது என்பதற்காக எதுவும் சாதுவாகிவிடாது என்பதில் விவாதமில்லை. வலுவாக வேலை செய்யும் எதுவும், தப்பான இடத்திலும் வலுவாகவே வேலை செய்யும்.

மேல்நாட்டில் இதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. செயின்ட் ஜான்ஸ் வார்ட் என்ற மஞ்சள் பூச்செடி, இலேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு மருந்துக்கடை மாத்திரைக்கு ஏறத்தாழ ஈடாக வேலை செய்கிறது என்று 2008-இல் 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை சொன்னது. இப்போது அது இணையத்தில் இங்கேயும் கிடைக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கருத்தடை மாத்திரை போன்ற பலவற்றின் வீரியத்தை அது குறைத்துவிடும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் செரோட்டோனின் அளவுக்கு மீறி ஏறி ஆபத்தாகும். வேறு மாத்திரை எதையாவது சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்கவே கூடாது.

ஊரில் அதிகம் பேர் எடுத்துக்கொள்ளும் ‘மருந்து’ ஒன்று பாக்கியிருக்கிறது: சாராயம். முதல் அரை மணி நேரம் படபடப்பு இறங்குவது உண்மைதான். விடியும்போது அது வட்டியோடு திரும்பி வரும். உறக்கமும் துண்டு துண்டாகும். “குடிச்சாத்தான் நிம்மதி” என்று சொல்லும் ஆண்களில் எத்தனையோ பேருக்கு அடியில் இருப்பது கவனிக்கப்படாத மனச்சோர்வு. அவர்களைத் திட்டுவதோடு நிறுத்தாமல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். நாள்பட்ட குடியை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால், நிறுத்துவதும் மருத்துவர் துணையோடுதான் நடக்க வேண்டும்.

எந்த மருந்துக்கும் முன்னால் ஒரு சொட்டு இரத்தம் சோதிக்கக் கொடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் சோர்வு வரும், கூடினால் படபடப்பு வரும். இரத்தசோகை இருந்தால் நாலு படி ஏறினாலே நெஞ்சடிக்கும். சைவச் சாப்பாட்டுக்காரர்களிடம் அடிக்கடி காணும் பி12 குறைவு மனசையும் ஞாபகத்தையும் மந்தமாக்கும். இவற்றில் ஒன்றுதான் காரணம் என்றால், எவ்வளவு வல்லாரை தின்றாலும், எவ்வளவு நடந்தாலும் முழுக்கச் சரியாகாது. அந்தக் குறையைச் சரிசெய்தால் மனசும் சரியாகும்.

வீட்டு வைத்தியம் எதுவரை போதும் என்று ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். சோர்வோ படபடப்போ இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் இருந்தால், வேலையும் சமையலும் பிள்ளைகள் கவனிப்பும் கெட்டால், சாப்பாடும் உறக்கமும் மாறிப்போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில் தாய் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தால் காத்திருக்காதீர்கள். “இருந்து என்ன செய்யப் போறேன்” என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரமே ஆளைத் தனியாக விடாமல் உதவி தேட வேண்டும். அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால் அவர் சுமை குறையும்.

மாத்திரை என்றாலே தூக்க மாத்திரை, பழகிவிடும், ஆயுசுக்கும் விட முடியாது என்ற பயம் நம் ஊரில் ஆழமானது. அல்பிரசோலம் போன்ற தூக்க, படபடப்பு மாத்திரைகளைச் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் உடம்பு அதற்குப் பழகிவிடும் என்பது சரியான பயம்தான். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் வேறு வகை. அவை வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், போதை தராது, குணமான பிறகும் சில மாதம் சாப்பிட்டு, டாக்டர் சொல்படி மெதுவாகக் குறைத்து நிறுத்தலாம். பாதியில் தானாக நிறுத்தினால்தான் தொந்தரவு. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே நடக்கலாம், மூச்சுப் பயிற்சி செய்யலாம், கோயிலுக்கும் தர்காவுக்கும் போகலாம், அருவியிலும் குளிக்கலாம். ஒன்று மற்றொன்றுக்குத் தடையில்லை.

என் தீர்ப்பு இதுதான். மூச்சும் நடையும் உறக்கமும் துணையும் இயற்கை வைத்தியத்தின் முதல் தரம், இன்றைக்கே தொடங்குங்கள். மூலிகைக்கு மருந்துக்குரிய மரியாதையைக் கொடுங்கள்: யார் தந்தார், எவ்வளவு, எத்தனை நாள், வேறு எதோடு சேரும் என்று கேட்காமல் விழுங்காதீர்கள். இரண்டு வாரத்தில் தெளியாவிட்டால் வெட்கப்படாமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போக முடியாத இரவென்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள்; 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் அது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.